ஊரெல்லாம் எழுபத்திரண்டு

“அது எத்தனை மார்க் கேள்வி?”

பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த மூன்றாம் நாள் யுவராணியைப் பார்த்து முதல்வர் கர்ணன் இப்படித்தான் கேட்டார். அவள் அங்கே வாயைத் திறந்ததே அன்றைக்குத்தான். வருகைப் பதிவேட்டில் பேர் படிக்கும்போதுகூட எழுந்து நிற்பாளே தவிர, ‘உள்ளேன்’ என்று சொல்ல நாக்கு எழாது. அப்படிப்பட்டவள், காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்த வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து, பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தபடி கேட்டிருந்தாள்.

“சார், திராட்சைக்கு மருந்தடிக்கிற அன்னைக்கு எங்கம்மாவுக்கு வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு. கண்ணு மங்குதுன்னு சொல்லுது. கை வெடவெடன்னு ஆடுது. அது எதனால சார்?”

கர்ணன் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தாமே எழுதித் தாமே அச்சிட்ட ‘மனித உடல்: ஐந்நூறு வினா விடைகள்’ என்ற நூலைப் புரட்டினார். உமிழ்நீர் இருந்தது. கண் இருந்தது. கை எலும்புகள் இருந்தன. யுவராணியின் அம்மா எந்தப் பக்கத்திலும் இல்லை.

“ஒரு மார்க்கா, அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா?”

“தெரியல சார்.”

“மார்க் தெரியாம எப்படிம்மா பதில் சொல்றது? ஒரு மார்க்குன்னா ஒரு வார்த்தை. அஞ்சுன்னா அரைப் பக்கம். பத்துன்னா படம் போட்டு பாகம் குறிக்கணும். எவ்வளவு நீளத்துக்குப் பதில் வேணும்னே தெரியாம நீ பாட்டுக்குக் கேட்டா? உக்காரு.”

உட்கார்ந்தாள். நாற்பது பேர் சிரித்தார்கள். கர்ணன் சிரிக்கவில்லை. அவர் படிப்பை மதிக்கிற மனிதர்.

கழகம் இருந்த மாடியில் அதற்கு முன் தட்டெழுத்துப் பயிலகம் நடந்தது. ஊருக்குள் கம்ப்யூட்டர் வந்து தட்டெழுத்து படுத்துவிடவே, கர்ணன் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு அதே மேசைகளின் மேல் மனித உடலைக் கொண்டுவந்து வைத்தார். மணிக்கு ஒரு பேட்ச் என்ற ஏற்பாடு அப்படியே நீடித்தது. ‘விரல்களைப் பார்க்காதே, தாளைப் பார்’ என்று சுவரில் எழுதியிருந்த வாசகத்தையும் அழிக்கவில்லை. புதுப் படிப்புக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

யுவராணி பத்தாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்திரண்டு வாங்கி நின்றுபோனவள். மூன்று மார்க்குக்காக மூன்று வருஷம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கொத்துகளில் பிஞ்சு வெட்டினாள். இரண்டாயிரத்து ஆறில், பத்தாவது தவறியவர்களுக்கும் உடல்நலப் பணியாளர் சான்றிதழ் உண்டு என்று பஸ் ஸ்டாண்டில் தட்டி கட்டியிருப்பதாக யாரோ சொல்ல, அம்மா மொக்கம்மாள்தான் அவளைக் கையோடு இழுத்துவந்து சேர்த்துவிட்டாள். தேனியில் ஏதாவது ஒரு கிளினிக்கில் வெள்ளைக் கோட்டுப் போட்டு மகள் நிற்பதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

மொக்கம்மாளின் வேலை மருந்து கலக்குவதும், அதைப் பீய்ச்சுகிற ஓஸ் குழாயைப் பிடிப்பதும். திராட்சைக்கு மருந்தடிப்பது நெல்லுக்கு அடிப்பது மாதிரி இல்லை. கொடி தலைக்கு மேலே பந்தலில் கிடக்கும். கீழே நின்று அண்ணாந்து அடிக்க வேண்டும். இலைக்குப் போனது போக மிச்சமெல்லாம் அடித்தவர் முகத்திலேயே இறங்கும். அன்றைக்கெல்லாம் மொக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரிவாள். மறுநாள் கம்பம் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று டாக்டரைப் பார்க்கும்போது பூப்போல இருப்பாள். “நல்லாத்தானே இருக்கீங்க” என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தோட்டத்து முதலாளி பாண்டீஸ்வரன் கெட்டவர் இல்லை என்று ஊரே சொல்லும். மொக்கம்மாள் போய் நின்றபோது கரிசனமாகத்தான் பேசினார்.

“இந்தா மொக்கம்மா, மருந்து வேலை ஒடம்புக்கு ஆகலைன்னு ஒரு சீட்டு கொண்டா. நாளைக்கே உன்னைய பழம் பறிக்க மாத்திவிடுறேன். சீட்டு இல்லாம மாத்தினேன்னு வையி, விடிஞ்சா தோட்டத்துல இருக்குற அத்தன பேத்துக்கும் எச்சி ஊறும்.”

“சீட்டுக்கு எங்க போவேன் மொதலாளி?”

“உம்மகதான் டாக்டருக்குப் படிக்குதாமே. அங்கன வாங்கு.”

இப்படித்தான் அந்தச் சீட்டு யுவராணியின் தலையில் வந்து விழுந்தது.

அவள் ஐந்நூறு வினாக்களையும் சல்லடை போட்டுச் சலித்தாள். நானூற்று எண்பத்தெட்டாம் கேள்வியில் கண் நின்றது: ‘நஞ்சு உடலில் புகுந்தவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி யாது?’ விடை: ‘வினா எண் 212 காண்க.’ இருநூற்றுப் பன்னிரண்டைத் தேடிப் போனால், ‘உணவுக்குழாயின் நீளம் யாது?’ என்று இருந்தது. விடை: ‘இருபத்தைந்து சென்டிமீட்டர்.’ ஐந்து வருஷமாக மாணவர்கள் நஞ்சுக்கு முதலுதவி இருபத்தைந்து சென்டிமீட்டர் என்று எழுதி முழு மார்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நரம்பு மண்டலத்தில் ஏதாவது இருக்கும் என்று தோன்றியது. ஆனால் நரம்பு மண்டலத்தைக் கழகம் சாய்ஸில் விட்டிருந்தது.

“பத்துக் கேள்வியில எட்டுதான் எழுதணும்,” என்று கர்ணன் விளக்குவார். “அப்ப ரெண்டு பாடத்தைத் தொடவே வேண்டாம். சிறுநீரகம், நரம்பு. ரெண்டும் ரொம்பப் பெரிசு, படமும் கஷ்டம். இந்த வருசமும் அதுல இருந்து வராதுன்னு என் உள்மனசு சொல்லுது.”

வினாத்தாள் எடுப்பவரும் அவர்தான். ஆனாலும் என்ன வரும் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பயபக்தி தெரியும். இப்படியாக அந்தக் கழகத்திலிருந்து சிறுநீரகமும் நரம்பும் இல்லாத மனிதர்களைப் பற்றி நன்கு அறிந்த இருநூறு பேர் பள்ளத்தாக்கெங்கும் பரவியிருந்தார்கள்.

எலும்புக்கூடு ஒன்று உண்டு. தேய்ந்துவிடும் என்பதால் அதை அலமாரிக்குள் பூட்டிவைத்திருந்தார்கள். ஒருநாள் தூசி தட்டத் திறந்தபோது, நதியா என்ற துடுக்கான பெண் விளையாட்டாக எண்ணிப் பார்த்தாள். மொத்தம் இருநூற்று மூன்றுதான் தேறியது.

“சார், மூணு எலும்பக் காணோம். புத்தகத்துல இருநூத்தி ஆறுன்னுல்ல போட்டுருக்கு?”

“லாரியில வரும்போது விழுந்திருக்கும்,” என்றார் கர்ணன் அமைதியாக. “கழகத்துக்கு இருநூத்தி மூணு. பரீட்சைக்கு இருநூத்தி ஆறு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.”

அதற்கப்புறம் செய்முறைப் பதிவேடு வந்தது. ஒவ்வொருவரும் தன் உயரம், எடை, நாடித் துடிப்பு, மூச்சு எல்லாம் அளந்து எழுத வேண்டும். வழக்கப்படி எல்லாரும் போன வருஷத்துப் பதிவேடு ஒன்றை வாங்கி வரிக்கு வரி பார்த்து எழுதினார்கள். அந்தப் பதிவேடும் அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்த்து எழுதியது. ஆக, முதல் பேட்சில் படித்து இப்போது மூன்று பிள்ளை பெற்றுவிட்ட ஜக்கம்மா என்பவளின் நாடிதான் ஐந்து வருஷமாக அத்தனை பேர் கையிலும் துடித்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

யுவராணிக்கு இரவல் பதிவேடு கேட்கக் கூச்சம். யாரையும் கேட்காமல் தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்து எண்ணி எண்பத்தாறு என்று எழுதிக் கொண்டுபோனாள்.

கர்ணன் சிவப்பு மையால் அதை வட்டமிட்டார். “தப்பு.”

“எண்ணிப் பார்த்தேன் சார்.”

“எண்ணிப் பார்த்தா எப்படிம்மா சரியா வரும்? புத்தகத்தைப் பாத்தாத்தான் சரியா வரும். உன் நாடி எழுபத்திரண்டு. அடிச்சு எழுதிக் கொண்டா.”

அடித்து எழுதினாள். எழுதும்போது அது தொண்ணூறுக்கு மேல் போயிருக்கும்.

அந்தக் கழகத்தில் உயிருள்ள உடம்பைத் தொட்ட ஒரே ஆள் கஸ்தூரியம்மாள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவர். இங்கே அவருக்குப் ‘பஞ்சு, பேண்டேஜ் பொறுப்பாளர்’ என்று பதவி. பாடம் எடுக்கத் தகுதி இல்லை என்பதால் வகுப்பு நேரத்தில் அவர் பேசக் கூடாது. யுவராணியின் கேள்வியை அவர் மூலையில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டே கேட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் அவளை மடக்கினார்.

“ஏ ஆத்தா, நில்லு. அது எச்சி வியாதி இல்ல. மருந்து தோலு வழியா ஏறுது. வேல முடிஞ்ச ஒடன சேலைய மாத்தச் சொல்லு, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லு. கண்ணுப் பாவையப் பாரு. கடுகு கணக்கா சுருங்கிக் கெடந்து, நாடியும் மந்தமா அடிச்சா, யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. மருந்தடிச்ச ஒடம்புன்னு வாயைத் தொறந்து சொல்லணும், தெரியுதா? மறுநாள் போனா அவுகளுக்கு என்ன தெரியும்?”

யுவராணி தலையை ஆட்டினாள். முகாம் நெருங்கியபோது கஸ்தூரியம்மாள் தன் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தார். “முகாமுக்குக் கொண்டு போ. அங்கன ஒருத்தரும் கடிகாரம் வச்சிருக்க மாட்டாக.”

ஊரில் போடும் உடல் பரிசோதனை முகாம்தான் கழகத்தின் செய்முறைத் தேர்வு. அந்த வருஷம் காமயகவுண்டன்பட்டியிலேயே நடத்துவதாக முடிவாயிற்று. பந்தலும் திராட்சை ரசமும் தன் செலவு என்று பாண்டீஸ்வரன் சொல்லிவிட்டதால், அவரே தலைமை விருந்தினர். முகாம் நடக்கும் சனிக்கிழமைதான் அவர் தோட்டத்தில் மருந்தடிப்பு. மொக்கம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

“காலையில வடக்குப் பந்தல் முடிச்சுட்டு, குளிக்காம அப்படியே வந்துர்றேன். எச்சி ஊறும்போதே பாத்து நீயே எழுதிக் குடுத்துரு. மொதலாளியும் அங்கனதான் இருப்பாக. இதைவிட எப்ப வாய்க்கும்?”

“எழுதித் தாரேன்மா,” என்றாள் யுவராணி. அடுப்படியில் அம்மா சோறு பொங்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விடைகளை உருப்போடுவது நாலு மாதப் பழக்கம். அன்றைக்கு உருப்போடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்தாள். மருந்தடிக்காத நாளில் எழுபத்தெட்டு.

சனிக்கிழமை காலையில் கஸ்தூரியம்மாளை எலும்புக்கூட்டுக்குக் காவலாகக் கழகத்தில் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் வேனில் வந்து இறங்கினார்கள். படிவங்கள் கட்டுக்கட்டாக வந்தன. நாடி எழுபத்திரண்டு, மூச்சு பதினெட்டு, வெப்பம் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு, கண் பாவை இயல்பு, பொது நிலை நலம் என்று எல்லாம் அச்சடித்தே இருந்தது. பெயருக்கும் பரிசோதகர் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பெயரையும் அடித்திருப்பார்கள், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால் விட்டுவிட்டார்கள்.

நதியாவின் மேசையில் அரை மணி நேரத்தில் நாற்பது பேர் நலமானார்கள். யுவராணியின் மேசையில் நாலு பேர்கூடத் தாண்டவில்லை. அவள் ஒவ்வொரு மணிக்கட்டையும் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏ புள்ள, கைய விடு,” என்றார் கருத்தக்கண்ணன் என்ற கிழவர். “அந்தப் புள்ளைக பேரைக் கேட்டுட்டு சூஸைக் குடுத்து அனுப்பிருச்சுக. நீ என்னமோ வளையல் போட்டுவிடப் போறவ கணக்கா பிடிச்சுக்கிட்டு இருக்க. நம்ம சாதி சனம் பாத்தா என்ன நெனைக்கும்?”

வரிசை சிரித்தது. யுவராணியின் காது சிவந்தது. ஆனால் கையை விடவில்லை. அறுபத்தெட்டு என்று எழுதிய பிறகுதான் விட்டாள்.

மேடையில் கர்ணன் மைக்கைத் தட்டினார். மேடை ஏறினால் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும்.

“பெருமக்களே! இக்கழகம் இதுவரை பதினொரு முகாம்களை நடத்தியுள்ளது. அவற்றில் வந்த ஒருவருக்குக்கூட நோய் இருந்ததில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அரசு மருத்துவமனையைப் பாருங்கள்! போகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இருக்கிறது. ஏன்? அங்கே பரிசோதித்துப் பார்க்கிறார்கள். நாமோ படித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறோம்!”

கைதட்டல் அடங்கும் நேரத்தில் மொக்கம்மாள் வந்தாள். சேலை தோள்வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மருந்து நெடி அவளுக்கு முன்னால் வந்து சேர, வரிசை தானாக விலகி வழிவிட்டது. யுவராணிக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ஒரு கோடாக எச்சில் வழிந்தது. மறுபடி பொத்திக்கொண்டாள்.

யுவராணி கையைப் பிடித்தாள். தோலில் வேர்வை ஓடியது, விரல் வழுக்கியது. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். சந்தேகப்பட்டு இன்னொரு நிமிடம் எண்ணினாள். நாற்பத்தெட்டு. குனிந்து கண்ணைப் பார்த்தாள். பந்தல் நிழலில், கருவிழியின் நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளிதான் இருந்தது.

எழுபத்திரண்டை அடித்து நாற்பத்தெட்டு என்று எழுதினாள். இயல்பை அடித்தாள். நலத்தை அடிக்கப் போகும்போது படிவத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

“என்னம்மா இது, அச்சடிச்ச தாள்ல கிறுக்கிக்கிட்டு இருக்க?” என்றார் கர்ணன். அவருக்குப் பின்னால் பாண்டீஸ்வரன் சந்தன மாலையோடு நின்றார்.

“நாப்பத்தெட்டுதான் சார் அடிக்குது.”

அவள் குரலை அவளே கேட்டாள். அது மைக்கில்லாமலே நாலு வரிசைக்குக் கேட்டது.

“நாப்பத்தெட்டு நம்ம புத்தகத்துல எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார். அம்மா கையில இருக்கு.”

பாண்டீஸ்வரன் கனைத்தார். “என்ன கர்ணன் சார், நம்ம தோட்டத்து ஆளுக்கு என்னமோ சொல்லுது புள்ள?”

“ஒண்ணுமில்லீங்க. கடைசி மாணவி, கொஞ்சம் பதட்டம். இதையே வாய்மொழித் தேர்வா வச்சு முடிச்சுருவோம். ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க.”

மேடையில் மொக்கம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் முழங்கால் இரண்டும் தாளம் போட்டன. கர்ணன் மைக்கை யுவராணியின் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் இன்னொரு கையில் அவளுடைய சான்றிதழ் இருந்தது. பெயரெல்லாம் எழுதி, சிவப்பு ரிப்பன் கட்டித் தயாராக இருந்தது.

“வினா எண் நூற்று நாற்பத்தொன்று. கண் பாவை எப்போது சுருங்கும்?”

அவளுக்கு மனப்பாடம். “அதிக வெளிச்சம் படும்போது சார்.”

“மிகச் சரி. இந்த அம்மையாரின் கண் பாவை எப்படி இருக்கிறது?”

“சுருங்கிக் கெடக்கு சார். கடுகு மாதிரி.”

“அப்படியென்றால்?” கர்ணன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “இந்தப் பந்தலில் வெளிச்சம் போதிய அளவு உள்ளது என்று பொருள்! இவ்வளவு சிறப்பான வெளிச்ச ஏற்பாட்டைச் செய்து தந்த தலைமை விருந்தினர் அவர்களுக்குக் கழகத்தின் சார்பில் நன்றி.”

கைதட்டினார்கள். பாண்டீஸ்வரன் எழுந்து கும்பிட்டார். பந்தலுக்குள் வெளிச்சம் போதாமல் நதியா அப்போதுதான் படிவத்தைக் கண்ணருகே பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அடுத்து அம்மையாரையே கேட்போம்,” என்று கர்ணன் மைக்கை மொக்கம்மாள் பக்கம் திருப்பினார். “உங்கள் உடம்புக்கு ஏதேனும் செய்கிறதா?”

மொக்கம்மாள் முதலாளியைப் பார்த்தாள். அவர் சீட்டுக்கு வழி சொன்னவர். பிறகு சிவப்பு ரிப்பனைப் பார்த்தாள். அதன் மேலேயே கண் கொஞ்ச நேரம் நின்றது. முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்து, ஊறியதை விழுங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் நாலு மாதம் அடுப்படியில் காதில் விழுந்ததை மகளின் ராகத்திலேயே ஒப்பித்தாள்.

“நோயில்லாம இருப்பது மட்டும் உடல்நலமன்று. உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றும் நன்னிலையில் இருப்பதே... உடல்நலமாகும்.”

பந்தல் அதிர்ந்தது. கருத்தக்கண்ணன் விசிலடித்தார். கர்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்காத ஒரு தாய் வினா எண் ஒன்றுக்குப் பிசகில்லாமல் விடை சொல்லிவிட்டாள். கழகத்தின் வரலாற்றில் இது முதல் தடவை.

“கேட்டீர்களா! இவரே நலம்!” அவர் புதிய படிவம் ஒன்றை யுவராணியின் முன் வைத்து, விரலிடுக்கில் பேனாவையும் செருகினார். குரலைத் தாழ்த்தி, “போடும்மா கையெழுத்த. போட்டா நீ பாஸு, போடலைன்னா பெயிலு. சபையில மானத்தை வாங்காத,” என்றார்.

பாண்டீஸ்வரன் மொக்கம்மாளின் பக்கம் குனிந்தார். “அப்பாடா. நானும் பயந்துட்டேன் மொக்கம்மா. இனி சாக்குச் சொல்லக் கூடாது. தெக்குப் பந்தல் அப்படியே கெடக்கு, மூணு மணிக்கு ஓஸைப் பிடிச்சுரு.”

“போடு ஆத்தா,” என்றாள் மொக்கம்மாள் மகளிடம், வாயைப் பொத்தியபடி. “நாலு மாசம் பஸ்ஸு ஏறி எறங்கிருக்க. எனக்கு சாயந்தரம் ஆனா சரியாப் போகும். போடு.”

சொல்லும்போதே அவள் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டாள். கன்னத்துச் சதை, யாரோ உள்ளேயிருந்து நூல் பிடித்து இழுப்பதுபோல் தனியே துடித்தது.

யுவராணி பேனாவைப் பார்த்தாள். அதை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள். அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

“எங்கம்மா போற? கையெழுத்து?” என்றார் கர்ணன்.

மொக்கம்மாள் கையை உதறிக்கொள்ளப் பார்த்தாள். “விடுத்தா, பேப்பரை வாங்கு. அய்யோ, பேப்பரை வாங்கிட்டு வா...” உதறுவதற்கு அவள் உடம்பில் பலம் இல்லை. இரண்டு பேரும் மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். அடிகுழாயடியில் யுவராணி தன் தாவணியை உருவி அம்மாவுக்குப் போர்த்தி, நனைந்த சேலையை அவிழ்த்து அங்கேயே போட்டாள். வாளித் தண்ணீரைத் தூக்கித் தோளில் ஊற்றினாள். இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே என்று யாரோ வாய்மேல் கை வைத்தார்கள்.

மேடையில் கர்ணன் மறுபடி மைக்கைத் தட்டினார். அதற்குள் நதியா மேடையேறி, பதிவேடு எழுதும் வழக்கத்திலேயே, யுவராணியின் பெயரில் கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை நீட்டிவிட்டாள். இருநூற்றுப் பதினெட்டுப் பேர் பரிசோதிக்கப்பட்டு இருநூற்றுப் பதினெட்டுப் பேரும் நலம் என்று மைக்கில் அறிவிப்பு வந்தது. சிறந்த பரிசோதகர் செல்வி யுவராணி மேடைக்கு வரவும் என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

கம்பம் போகிற டவுன் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு கையும், மணிக்கட்டின் மேல் மற்றொரு கையின் மூன்று விரலுமாக யுவராணி ரோட்டை நோக்கி நடந்தாள். வழியில் நின்றவர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.